சுவர்ப்பக்கத்து மூச்சு

மாஸ்க்கின் பட்டியில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது.

புஷ்பவதி அதைக் குழாயடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முழங்கை நீளம் இருந்தது. சவர்க்கார நுரை ஒட்டி, ஈரத்தில் நெளிந்து, அவள் விரலைச் சுற்றிக்கொள்ளப் பார்த்தது. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். புருஷன் மாடசாமிக்கு நாற்பது வயதிலேயே தலை வழுக்கை. அவளுக்கோ இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மெஷினின் பழைய சொந்தக்காரி முடியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் வெந்நீரில் மூன்று தரம் கழுவிய மாஸ்க் இது. இத்தனை நாளாகக் கண்ணில் படாத முடி இன்றைக்கு எங்கிருந்து வந்தது? யோசித்தபடியே அதைச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் இன்னொன்று இருந்தது.

மெஷின் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் ராத்திரி என்றால் குறட்டைதான். மாத்தளைப் பக்கம் யட்டவத்த கடைத்தெருவில் முன்பக்கம் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற கடை, பின்பக்கம் இரண்டு அறை. அந்த இரண்டு அறையையும் நிறைத்துக்கொண்டு, கராம்பு மூட்டைகளின் காரமான வாசனைக்கு நடுவே, மாடசாமியின் குறட்டை ஏறும்; ஏறி ஏறித் தகரக் கூரையையே உலுக்குகிற அளவுக்குப் போகும்; பிறகு கத்தரித்த மாதிரி நின்றுபோகும். குறட்டை கேட்கிறவரை புஷ்பவதி கட்டையாகத் தூங்குவாள். நின்றதும் விழித்துக்கொள்வாள். அவளை எழுப்பியது சத்தமல்ல, சத்தம் நின்றதுதான். இருட்டில் கண்ணைத் திறந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பதினேழு வந்தும் மூச்சு திரும்பாவிட்டால் அவர் நெஞ்சில் கை வைத்து இரண்டு தட்டு. கிணற்றுக்குள்ளிருந்து தூக்கிவிட்ட ஆள் மாதிரி அவர் ஒரு இழுப்பு இழுத்து, புரண்டு, மறுபடி குறட்டையைத் தொடங்குவார்.

பத்தொன்பது வருஷம் இப்படி. பிள்ளை குட்டி இல்லை. அந்த இரண்டு தட்டுத்தான் அவள் குடித்தனத்தின் சொத்து. மனுஷருக்கு அது தெரியவே தெரியாது. காலையில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "என்ன புஷ்பம், மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு, தூங்கலையா?" என்று கேட்பார். அவள் பதில் சொல்லமாட்டாள். சொல்லாமல் வைத்திருந்ததிலும் ஒரு ருசி இருந்தது. இந்த ஆள் மூச்சு விடுவது என் கையால் என்று நினைத்துக்கொண்டே அவருக்குச் சோறு போடுவாள்.

2008 தை மாசம் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் வளைவில் கண்ணயர்ந்துபோய் மதகில் கொண்டுபோய் மோதினார். முறிந்த காலுக்கு வைத்தியம் பார்த்தபோதுதான் மூச்சு விஷயமும் வெளியே வந்தது. கிளினிக் தராசு அவரைத் தாங்காததால் கடைத் தராசிலேயே ஏற்றி நிறுத்தார்கள்; நூற்று இருபத்தேழு கிலோ. கண்டியில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் அறுபத்துநாலு தரம் மூச்சு நிற்கிறது என்றார் டொக்டர். உடம்பு பருத்தவர்களுக்குப் படுத்ததும் நாக்கும் தொண்டைச் சதையும் உள்ளே சரிந்து காற்றுப் போகிற வழியை அடைத்துவிடுமாம். எடையைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றை ஒரே அழுத்தத்தில் உள்ளே தள்ளி அந்த வழியைத் திறந்து வைக்கிற மெஷினும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் இதயம் நின்றுபோகும் என்றார்.

"நான்தான் தட்டித் தட்டி எழுப்பிக்கிட்டு இருக்கேனே டொக்டர்" என்றாள் புஷ்பவதி. அன்றைக்குத்தான் அதை வாய் திறந்து சொன்னாள்.

டொக்டர் நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே, "அது வைத்தியம் இல்லம்மா. இனிமே நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றார்.

பத்தொன்பது வருஷத்தை ஒரு சிரிப்பில் துடைத்துப் போட்டுவிட்டார். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. புருஷனுக்கு வியாதி என்று அழுகிறாள் என நினைத்து மாடசாமி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

புது மெஷின் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், நாளாகும். கிளினிக்கில் இருந்த ஹிதாயா நர்ஸ்தான் வழி சொன்னாள். "அக்கா, மாத்தளை டவுன்ல ஒரு டீச்சர் மவுத்தாயிட்டாங்க. அவங்கட மெஷின் நல்லா இரிக்கி. மாஸ்க்க மட்டும் புதுசு போடுங்க, நான் கொழும்புக்குச் சொல்லி விடுறேன். வார வரைக்கும் பழசக் கழுவிப் பாவிங்க."

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் போனார்கள். செத்தவரின் தம்பி இராஜசிங்கம், மெலிந்த மனுஷர், பெட்டியை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார். சுவரில் மாலை போட்ட படம். தடித்த உடம்பு, இழுத்து முடிந்த நரைத்த கொண்டை. மாடசாமி படத்தைப் பார்த்துவிட்டு இருந்த இடத்தைவிட்டு எழுந்தேவிட்டார்.

"ஐயோ, இது எங்க ஞானம் டீச்சர்! தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல என் கையப் புடிச்சி எழுத வச்சவங்க. ஒங்கிட்டச் சொல்லியிருக்கேனே புஷ்பம்!"

சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபது வயசில் வேலைக்கு வந்த டீச்சர், ஞானாம்பிகை என்று பேர், வகுப்பில் தூங்கி விழும் மாடசாமியை அடிக்காமல் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பின டீச்சர். அந்தப் பேர் வரும்போது அவர் குரலில் தனி ஒரு குழைவு வரும். எட்டு வயசுப் பிள்ளையின் பாசம், அதற்குப்போய்ப் பொறாமைப்பட முடியுமா? புஷ்பவதி பட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா இந்த மெஷினிலதான் ஆறு வருஷம் சுகமா இருந்தவ" என்றார் இராஜசிங்கம். "அண்டைக்கு ராவு கரண்ட் நிண்டிட்டுது. தனிய இருந்தவ. பக்கத்தில ஆரும் இருந்து ஒருக்காத் தட்டி எழுப்பியிருந்தா..."

அந்த ஒரு கணம் மட்டும் புஷ்பவதிக்குப் படத்தில் இருந்தவள்மேல் இளக்காரம் வந்தது. உனக்குத் தட்ட ஆள் இல்லை, இவருக்கு நான் இருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாவு வீட்டில் விடைபெறுகிற வழக்கம் கிடையாது. 'போயிட்டு வாறோம்' என்று வாய்தவறியும் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். புஷ்பவதி அப்படித்தான் படியிறங்கினாள். பின்னால் மாடசாமி பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, பழைய பாசத்தில், "வாங்க டீச்சர், போவோம்" என்றார்.

இராஜசிங்கத்தின் முகம் செத்துப்போனது. கதவை உடனே சாத்தினார்.

"என்னங்க பேச்சு இது! சாவு வீட்ல நின்னுக்கிட்டு வாங்கன்னு கூப்பிடுவாங்களா?"

"அட, சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னது."

வயர் தொங்குகிற எதைக் கையில் வைத்திருந்தாலும் தமிழ் ஆளைக் குண்டுக்காரன் என்று சந்தேகிக்கிற யுத்த காலம் அது. சோதனைச் சாவடியில் திரிவீல் ஆட்டோவை நிறுத்தி, பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மூச்சு விடுகிற மெஷின் என்று புஷ்பவதி சிங்களத்தில் விளக்கிச் சொன்னாள். ஆமிக்காரன் நம்பாமல் குழாயைத் தூக்கி, மாஸ்க்கைக் காதோரம் வைத்துப் பார்த்தான். வைத்தவன் அசையாமல் நின்றான். இது இப்போது ஓடுகிறதா என்று கேட்டான். பிளக் அவள் மடியில் கிடந்தது. இல்லை என்றாள். அவன் மாஸ்க்கைப் பதனமாகப் பெட்டிக்குள் வைத்து, கயிற்றையும் தானே கட்டி, அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் போகச் சொன்னான்.

"பாத்தியா, டீச்சர் கூட வந்தா ஆமியும் மரியாத குடுக்குறான்" என்று மாடசாமி வழியெல்லாம் சிரித்தார்.

கட்டில் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அந்தச் சந்தில் ஒரு முக்காலி போட்டு மெஷினை வைத்தார்கள். முதல் ராத்திரியே குறட்டை நின்றுபோனது. காற்றுப் போகிற 'உஸ்' சத்தம் மட்டும், அதுவும் ஒரே சீராக. புஷ்பவதி கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள். அவளை எழுப்புகிற அமைதி இப்போது முழு ராத்திரிக்கும் நீண்டுகொண்டு கிடந்தது. எண்ணத் தொடங்கினால் ஆயிரம் வரைக்கும் போனது. காலையில் மாடசாமி கல்யாண மாப்பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்தார். "இத்தன வருசத்துல இப்பிடி நான் தூங்குனதே இல்ல புஷ்பம்" என்றார். மிளகுத்தூள் கண்ணில் விழுந்த மாதிரி எரிந்தது அவளுக்கு.

ஆள் நாளுக்கு நாள் தேறினார். கால் தேறின மட்டும் விடிகாலையில் எழுந்து நடந்தார், சோற்றைக் குறைத்தார், கராம்பு நிறுக்கும்போது பாட்டு முணுமுணுத்தார். சந்தோஷப்படவேண்டியவள் வெந்து செத்தாள். "டீச்சரக் கழுவிட்டியா? டீச்சருக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்று மெஷினை விசாரிப்பார். வேட்டி முனையால் அதன் தூசியைத் துடைப்பார். அவள் முகத்தை அப்படி ஒருநாள் துடைத்துவிட்டிருப்பாரா இந்த மனுஷன்? ராத்திரியில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துவிடுவார். பத்தொன்பது வருஷமாக அவள் பக்கம் இருந்த நெஞ்சு அந்தப் பக்கம் போய், அவளுக்கு முதுகு மட்டும் மிஞ்சியது.

முடி வரத்தொடங்கியது அப்புறம்தான். முடிக்குப் பிறகு வாசனை. கராம்பு வாசனை ஊறிய அந்த அறையில், விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில், சுவர்ப்பக்கமிருந்து தைலத்தின் குளிர்ந்த நெடியும், அதற்கடியில் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டித் தூளின் வறண்ட வாசனையும் மெல்ல எழும்பி வரும். அதற்கும் பிறகு சத்தம் மாறியது. ஒரே சீராக ஓடவேண்டிய காற்று ஏறி இறங்கத் தொடங்கியது. உள்ளே இழுத்தது. நிறுத்தியது. வெளியே விட்டது. மாடசாமியின் மூச்சு ஒன்று. அதற்குச் சற்றுப் பின்னால், நிதானமாக, தடித்த உடம்புக்காரியின் மூச்சு இன்னொன்று. புஷ்பவதி தலையணையில் காதை அழுத்திக்கொண்டு இரண்டையும் தனித்தனியாக எண்ணினாள். எண்ணிக்கை தப்பவில்லை.

ஹிதாயாவிடம் போனில் கேட்டாள். "இல்ல அக்கா, அது மூச்சு மாதிரி ஏறி எறங்காது. ஒரே மாதிரித்தான் காத்து வரும்" என்றாள் அவள்.

ஒருநாள் விடியற்காலையில், மாடசாமி நடக்கப்போன பிறகு, விரிப்பை உதற எழுந்தாள். அவர் படுத்திருந்த குழி நடுவில் இருந்தது. அதற்கும் சுவர்ப்பக்கத்து ஓரத்துக்கும் இடையில், யாரும் படுக்காத இடத்தில், மெத்தை இன்னொரு குழி விழுந்து கிடந்தது. கையை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் கேட்டேவிட்டாள். "அந்த மெஷின்ல அந்தம்மா இருக்காங்க. ஒங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

மாடசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "செத்துப்போன மனுஷி மேல பொறாமையாடி ஒனக்கு?"

"ஆமா, பொறாமதான். அப்பிடியே வச்சிக்கங்க. நாளைக்குப் புது மாஸ்க் வருது. இதத் தூக்கிக் குப்பையில போடுறேன்."

சிரிப்பு நின்றது. "புதுசு வேணாம்னு ஹிதாயாகிட்டச் சொல்லிட்டேன். இது மொகத்துக்குப் பழகிருச்சி. இதுலதான் எனக்குத் தூக்கம் வருது."

அவ்வளவுதான். அந்தச் சொல்லில்தான் அவள் முடிவு செய்தாள். ஒரே ஒரு ராத்திரி. மெஷினை நிறுத்தினால் இவருக்கு மூச்சு நிற்கும், தெரியும். நிற்கட்டும். பத்தொன்பது வருஷம் காப்பாற்றினவளுக்கு ஒரு ராத்திரி காப்பாற்றத் தெரியாதா? நாலு தரம் என் கையால் எழும்பட்டும். விடிந்ததும் சொல்கிறேன், யாரால் பிழைத்துக் கிடக்கிறாய் என்று.

மழை விட்டுவிட்டுப் பெய்த ராத்திரி. தகரக் கூரையிலிருந்து முற்றத்து வாளியில் துளி விழுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. மாடசாமி சுவரைப் பார்த்துத் தூங்கினார். புஷ்பவதி எழுந்து கட்டிலைச் சுற்றிப் போய் பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினின் சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. காற்று ஒரு பெருமூச்சோடு அடங்கியது. வந்து தன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. ஆகா, அந்தக் குறட்டை! தொலைந்துபோன மாடு பட்டிக்குத் திரும்பின மாதிரி இருந்தது அவளுக்கு. ஏறியது. இன்னும் ஏறியது. கூரையை உலுக்கியது.

நின்றது.

அவள் சிரித்துக்கொண்டாள். கையை நீட்டத் தயாராக வைத்து எண்ணினாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

தட். தட்.

மாடசாமி ஒரு இழுப்பு இழுத்து மூச்சு விட்டார்.

அவள் கை இன்னும் போர்வைக்குள்தான் இருந்தது. வாளியில் விழுந்த துளியாக இருக்கும். கராம்பு மூட்டையில் எலி ஓடியிருக்கும். குறட்டை மறுபடி ஏறியது. மறுபடி நின்றது. இந்தத் தரம் பதினேழுக்குக் காத்திருக்க மாட்டேன். ஐந்து. ஆறு. ஏழு. கையை எடுத்து அவர் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

தட். தட்.

அவளுக்கு முந்திவிட்டது.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. பதினேழு எண்ணுவது நான். தட்டுவது நான். அடுத்த தரம் நின்றதும் எண்ணாமலே பாய்ந்தாள். அவர் நெஞ்சைத் தேடிப்போன அவள் கை, அங்கே ஏற்கெனவே இருந்த இன்னொரு கையின் முதுகில் விழுந்தது.

தடித்த கை. குளிர்ந்த தோல். விரலிடுக்கில் மாவு மாதிரி வெண்கட்டித் தூள்.

அவளுக்குக் கத்த வரவில்லை. கத்தினாலும் அந்தக் காலத்தில் ராத்திரியில் யார் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள்? அழைத்தது இவர் வாய். 'வாங்க டீச்சர்' என்று கூப்பிட்ட வாய். கூப்பிட்டு வந்தவளைப் போகச் சொல்லவேண்டும், அவ்வளவுதானே. பட்டியைக் கழற்றினாள். மாஸ்க்கை அவர் மூக்கிலிருந்து எடுத்தாள். குழாயோடு இழுத்துத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"போங்க டீச்சர்" என்றாள் அதற்குள். "இது என் புருஷன். இவர் மூச்சு எனக்கு. நீங்க போங்க."

பிளக் தரையில் கிடந்தது. பச்சை விளக்கு எரியவில்லை.

மெஷின் உள்ளே இழுத்தது.

மாஸ்க் அவள் வாயிலும் மூக்கிலும் போய்க் கவ்வியது. பிய்க்கப் பார்த்தாள். வரவில்லை. நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் குழாய் வழியே போனது. சுவர்ப்பக்கத்தில் யாரோ நீளமாக, சுகமாக, செத்த நாளிலிருந்து விடாததையெல்லாம் சேர்த்து ஒரு மூச்சு வாங்கினார்கள்.

கையை வீசினாள். மாடசாமியின் முதுகில் பட்டது. தட்டினாள். இரண்டு தட்டு. அவர் அசையவில்லை. மேகம் விலகி நிலா வெளிச்சம் ஜன்னல் வழியே கொஞ்சம் வந்தது. அவர் நெஞ்சில் அந்தக் கை கிடந்தது. தட். தட். அவர் மூச்சு விட்டார்.

அவள் எண்ணத் தொடங்கினாள். பழக்கம். இந்தத் தரம் தன்னுடைய மூச்சை.

ஒன்பது. பத்து.

அறையில் சத்தமே இல்லை. இப்படி ஒரு அமைதிக்கு விழித்துக்கொள்ளத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். மாடசாமி அதைப் படித்ததே இல்லை.

பதினாறு.

பதினேழு.

தூக்கத்திலேயே மாடசாமி தன் கையை எடுத்து அந்தத் தடித்த கைக்குள் வைத்தார். அது அவர் விரல்களை மூடிப் பிடித்தது. இரண்டு கைகளும் ஒன்றாக, வெள்ளை விரிப்பின் மேல், மெதுவாக, வளைத்து வளைத்து, முதல் எழுத்தை எழுதத் தொடங்கின.

இருபத்தொன்று. இருபத்திரண்டு.